தரம் ஒன்று, வழிகள் பல: படைப் பயிற்சியில் ஆளுக்கேற்ற கற்றலைத் தொடங்கும் முறை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மோர்ஸ் குறியீட்டை வீரர்களுக்கு விரைவாகக் கற்பிக்கும் வழியை அமெரிக்க இராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவுக்காக ஆராய்ந்தவர் ஃபிரெட் கெல்லர் என்ற உளவியலாளர். ஒரு வீரன் கடைசியில் எதைச் செய்ய வேண்டும் என்பது அங்கே தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவனும் தன் வேகத்தில் முன்னேறினான். ஒரு கட்டத்தில் தேறியவன் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போனான். 1968இல் கல்லூரிகளுக்காக ஆளுக்கேற்ற கற்பித்தல் முறையைக் கெல்லர் முன்வைத்தபோது, அதன் கூறுகளைத் தான் முன்பே ஒரு படைப் பயிற்சி மையத்தில் பார்த்திருந்ததாகக் குறிப்பிட்டார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சிப் பொறுப்புக்குப் புதிதாக வரும் பலர், ஆளுக்கேற்ற கற்றல் என்பது குடிமக்கள் பள்ளிகளிலிருந்து படைக்குள் நுழையும் மென்மையான பழக்கம் என்று எண்ணித் தயங்குகிறார்கள். மூத்த பயிற்றுநர்களும் அப்படித்தான் முகம் சுளிப்பார்கள். இந்த முறைக்குப் பயிற்சி மைதானத்தில் பழைய வேர் உண்டு என்று அவர்களிடம் துணிந்து சொல்லலாம். புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் பயிற்சி அதிகாரி, பாடத்திட்டம் எழுதுபவர், அணியின் பயிற்றுநர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு தெளிவு

வழக்கமான பயிற்சியில் நேரம் நிலையானது, தேர்ச்சி மாறக்கூடியது. எல்லோருக்கும் இரண்டு வாரம் வரைபட வாசிப்பு நடக்கும். முடிவில் சிலர் நன்றாகத் தேறுவார்கள், சிலர் தட்டுத்தடுமாறித் தேறுவார்கள், சிலர் தோற்பார்கள். ஆளுக்கேற்ற பயிற்சி இந்த இரண்டையும் இடம் மாற்றுகிறது. தேர்ச்சியின் தரம் எல்லோருக்கும் ஒன்றே, அதில் ஒரு மில்லிமீட்டர் கூடத் தளர்வு கிடையாது. அந்தத் தரத்தை எட்டும் வழியும் அதற்கு ஆகும் நேரமும்தான் ஆளுக்கு ஆள் மாறும். இதை உங்கள் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்லும் வரை வேறு எதையும் தொடங்காதீர்கள். "பலவீனமானவர்களுக்காகத் தரத்தைக் குறைக்கப் போகிறார்கள்" என்ற வதந்தி ஒருமுறை பரவிவிட்டால் பிறகு அதை அடக்குவது கடினம்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் வாசலிலேயே நிறுத்துங்கள். "இவர் கண்ணால் கற்பவர், அவர் காதால் கற்பவர்" என்று வீரர்களைப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனிப் பாடம் தயாரிப்பது இந்த முறையில் சேராது. கற்றல் பாணி குறித்த ஆய்வுகளை அலசி 2008இல் வெளிவந்த ஹரோல்ட் பாஷ்லர் குழுவின் மதிப்பாய்வு, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தது. ஆனாலும் ஒருவரின் கற்றல் பாணியைக் கண்டறிவதாகச் சொல்லும் வினாத்தாள்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஒரு மணி நேரத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். வீரருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எந்த இடத்தில் பிழை வருகிறது, எவ்வளவு வேகமாக மறக்கிறார் ஆகிய மூன்றைப் பொறுத்துத்தான் வழி மாற வேண்டும்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

வரைபடமும் திசைகாட்டியும், துப்பாக்கி சுடுதல், கள முதலுதவி, வானொலித் தொடர்பு, வாகனப் பராமரிப்பு, கருவிகளில் பழுது கண்டறிதல், சிமுலேட்டரில் ஓட்டும் பயிற்சி போன்றவற்றில் ஒருவருடைய தேர்ச்சியைத் தனியாக அளக்க முடியும். அதனால் இவை இந்த முறைக்கு நன்றாகப் பொருந்தும்.

அணிவகுப்பு, சுடுதளத்தில் ஒலிக்கும் கட்டளைச் சொற்கள், ஆயுதப் பாதுகாப்பு விதிகள், பிரிவாகச் சேர்ந்து முன்னேறும் பயிற்சி ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி செய்வதுதான் அங்கே பாடமே. சேர்ந்து களைப்பதும், சேர்ந்து நனைவதும், பின்தங்கியவனுக்காக மற்றவர்கள் நிற்பதும் ஒரு படைப்பிரிவை உருவாக்குகின்றன. தனித்தனியாகத் தேறிய முப்பது பேரை ஒன்றாக நிறுத்தினால் அது பிளட்டூன் ஆகிவிடாது. ஆகவே பயிற்சிநாளின் ஒரு பகுதியை மட்டும் ஆளுக்கேற்றதாக மாற்றி, மீதியைக் கூட்டாகவே வைத்திருங்கள். தனியாக எட்டிய திறனை அன்றோ அந்த வாரமோ அணிப் பயிற்சியில் பயன்படுத்த வாய்ப்புக் கொடுங்கள்.

படி 1: ஒரே ஒரு திறனை எடுங்கள்

முழுப் பாடத்திட்டத்தையும் மாற்றப் புறப்பட்டால் நடுவழியில் நிற்பீர்கள். ஒரு திறன், ஓர் அணி, நான்கிலிருந்து ஆறு வாரம் என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அதிகம் பேர் தோற்கும் பாடம் நல்ல தேர்வு. மாற்றம் வந்தால் கண்ணுக்குத் தெரியும், வராவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

படி 2: தரத்தை எழுதுங்கள்

பணி, சூழல், தரம் என்று மூன்று வரிகள் போதும். பல படைகள் இந்த வடிவத்தை ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. "வரைபட வாசிப்பில் நல்ல அறிவு பெறுதல்" என்பது தரமாகாது. இப்படி எழுதிப் பாருங்கள். பணி: வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு குறித்த இடத்தை அடைதல். சூழல்: அறிமுகமில்லாத நிலம், முதுகில் சுமை, தனியாக, பகலில். தரம்: 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இலக்கை 50 மீட்டருக்குள், குறித்த நேரத்தில் அடைய வேண்டும், தொடர்ந்து இரண்டு முறை. எண்கள் உங்கள் படையின் விதிமுறைப்படி அமையட்டும். இரண்டு பயிற்றுநர்கள் தனித்தனியாகப் பார்த்தாலும் ஒரே தீர்ப்புக்கு வரும் அளவுக்கு அந்த வரிகள் தெளிவாக இருந்தால் போதும்.

"தொடர்ந்து இரண்டு முறை" என்ற சொற்களை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். ஒரு முறை சரியாகப் போய்ச் சேர்வது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

படி 3: பிழையைப் பகுத்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமான படி இது. பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் சறுக்குகின்றன, ஏனென்றால் மதிப்பெண் தாளில் தேர்ச்சி, தோல்வி என்று இரண்டே சொற்கள் இருக்கின்றன. தோல்விக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இரண்டு வீரர்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் இலக்கைத் தேடிப் போகிறார்கள். இருவரும் இலக்கிலிருந்து ஏறத்தாழ 175 மீட்டர் தள்ளி நிற்கிறார்கள். தாளில் இருவருக்கும் ஒரே வரி: "175 மீட்டர் பிழை, தோல்வி."

முதல் வீரர் இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்கிறார். கடந்த தொலைவு சரி, திசைதான் பிசகிவிட்டது. வரைபடத்தின் வடக்குக்கும் திசைகாட்டியின் வடக்குக்கும் அந்த நிலப்பகுதியில் 5 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட வேண்டிய இடத்தில் அவர் கழித்துவிட்டார். 5 டிகிரி இந்தப் பக்கம் போக வேண்டியவர் 5 டிகிரி அந்தப் பக்கம் போனதால் மொத்தம் 10 டிகிரி விலகல். 1 கிலோமீட்டரில் ஒரு டிகிரிப் பிழை சுமார் 17 மீட்டருக்குத் தள்ளிவிடும், ஆகவே பத்து டிகிரிக்கு ஏறக்குறைய 175 மீட்டர்.

இரண்டாவது வீரர் சரியான கோட்டில்தான் போயிருக்கிறார். ஆனால் இலக்கை எட்டும் முன்பே நின்றுவிட்டார். சமதளத்தில் 100 மீட்டருக்கு 62 இரட்டையடி (இரண்டு அடிக்கு ஒரு எண்ணிக்கை) என்று தன் நடையை அவர் அளந்து வைத்திருந்தார். ஏற்றத்தில், சுமையோடு நடக்கும்போது அடி சுருங்கி 100 மீட்டருக்கு 75 இரட்டையடி ஆகிவிட்டது. அது அவருக்குத் தெரியாது. 620 இரட்டையடி எண்ணி முடித்ததும் 1 கிலோமீட்டர் வந்துவிட்டதாக நம்பி நின்றார். உண்மையில் அவர் கடந்தது சுமார் 830 மீட்டர்.

வழக்கமான முறையில் இருவரும் மறுபடி முழு வகுப்பிலும் உட்காருவார்கள். முதல் வீரருக்குத் தேவை கூட்டல் கழித்தல் விதியில் அரை மணி நேரமும் பத்துக் கணக்குகளும் மட்டுமே. இரண்டாமவருக்கு வகுப்பறையே தேவையில்லை. சுமையோடு ஓர் ஏற்றத்தில் நான்கு முறை நடந்து அடிகளை எண்ணிக் குறித்துக்கொண்டால் போதும். ஒருவருக்கு உரிய மருந்தை மற்றவருக்குக் கொடுத்தால் இருவரும் மீண்டும் தோற்பார்கள், நாமும் "இவர்களுக்கு வரைபடம் வராது" என்று எழுதி அனுப்பிவிடுவோம். பயிற்றுநராக இருந்த தொடக்க ஆண்டுகளில் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். மூன்று முறை தோற்ற ஒருவரின் பெயருக்கு எதிரே "கவனக்குறைவு" என்று குறித்தேன். அவருடைய மூன்று தோல்விகளிலும் பிழை இலக்குக்கு ஒரே பக்கத்தில், ஏறத்தாழ ஒரே தொலைவில் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. கவனக்குறைவு உள்ளவரின் பிழை அங்குமிங்கும் சிதறும். அவருடையது சிதறவில்லை, ஒரே ஒரு விதியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். கவனம் தவறியவன் நான்தான். அந்தக் குறிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

துப்பாக்கி சுடுதலிலும் இலக்குத் தாளே நோய்க்குறியைக் காட்டிவிடும். குண்டுகள் நெருக்கமாக விழுந்து, ஆனால் மையத்திலிருந்து விலகியிருந்தால் வீரரின் கை பெரும்பாலும் சரி, துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவியைச் சரிசெய்ய வேண்டும். தாளெங்கும் சிதறினால் பிடியும் உடலை வைத்திருக்கும் விதமும் நிலையாக இல்லை. மேலும் கீழுமாக வரிசையாக விழுந்தால் மூச்சைக் கவனியுங்கள், சுடும் கணத்தில் மார்பு ஏறி இறங்குகிறது. இந்த மூவரையும் "இன்னும் இருபது குண்டு சுடு" என்று ஒன்றாகத் திருப்பி அனுப்புவது குண்டுக்கும் நேரத்துக்கும் கேடு.

ஆகவே நீங்கள் தேர்ந்த திறனில் வழக்கமாக வரும் பிழைகளை நான்கைந்து வகையாகப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றையும் எப்படி அடையாளம் காண்பது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அனுபவமுள்ள பயிற்றுநர்கள் இருவரை உட்காரவைத்து, "தோற்றவர்களிடம் நீங்கள் வழக்கமாகப் பார்ப்பது என்ன?" என்று கேட்டால் ஒரு மாலையில் இந்தப் பட்டியல் கிடைத்துவிடும். அவர்களின் தலைக்குள் பல ஆண்டுகளாக இருப்பதைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் வேலை. மூத்தவர்களின் மனத்தையும் இது மாற்றும், தங்கள் அறிவில்தான் இந்த முறை நிற்கிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

பிறகு பயிற்சி தொடங்கும் முன்பே ஒரு முன்சோதனை நடத்துங்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது என்பதை வீரர்களிடம் சொல்லிவிடுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். முன்சோதனையில் தோற்றவருக்கு ஒரு தண்டனை கிடைத்தாலும், அடுத்த அணி வரும்போது விடைகள் முன்கூட்டியே கைமாறியிருக்கும்.

படி 4: வழிகளைப் பிரியுங்கள்

முப்பது பேருக்கு முப்பது பாடத்திட்டம் தேவைப்படாது. மூன்று வழிகள் போதும்.

முன்சோதனையிலேயே தரத்தை எட்டியவர்கள் முதல் வழி. பாடத்தை முற்றிலும் தவிர்த்துவிட்டு, அதே திறனைக் கடினமான சூழலில் செய்யட்டும்: இரவில், மழையில், சோர்வில். அடிப்படை தெரிந்து ஓரிரு பிழை மட்டும் உள்ளவர்கள் இரண்டாம் வழி. அந்தப் பிழைக்கான குறும்பாடம், உடனே செய்முறை, உடனே மறுசோதனை. அடிப்படையே இல்லாதவர்கள் மூன்றாம் வழி. இவர்களுக்கு முழுப் பாடம், செய்துகாட்டல், படிப்படியாக விலக்கிக்கொள்ளும் உதவி.

கற்பிக்கும் பாணியும் மாற வேண்டும். புதியவருக்கு முழுதாகத் தீர்த்துக்காட்டிய எடுத்துக்காட்டுகள் பெரிதும் உதவும். ஓரளவு தேர்ந்தவருக்கு அதே விளக்கம் இடையூறாகிவிடும், அவர் நேராகச் சிக்கலுக்குள் இறங்கினால்தான் வளர்வார். கற்றல் உளவியலில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம் இது. நல்ல பயிற்றுநர்கள் ஆய்வைப் படிக்காமலே இதை உணர்ந்திருப்பார்கள்.

வழிகள் ஒருபோதும் நிரந்தர முத்திரை ஆகக்கூடாது. மூன்றாம் வழியில் இருப்பவரை மற்றவர்கள் "மூன்றாம் ஆள்" என்று அழைக்கத் தொடங்கினால் முயற்சி தோற்றுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு திறனுக்கும் தனியாக, வாரந்தோறும் புதிதாகப் பிரியுங்கள். வரைபடத்தில் பின்தங்கியவர் வானொலியில் முதல் வழியில் நிற்பதை அணி முழுவதும் பார்க்கட்டும்.

படி 5: முன்னதாக முடித்தவரை என்ன செய்வது?

எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வியில் பல திட்டங்கள் முறிந்திருக்கின்றன. நான்கு நாளில் முடிக்க வேண்டியதை ஒருவர் இரண்டு நாளில் முடிக்கிறார். மீதி இரண்டு நாள் அவருக்குத் துடைப்பமும் சமையற்கூட வேலையும் கிடைக்கின்றன. அடுத்த திறனில் அவர் சரியாக நான்கு நாள் எடுத்துக்கொள்வார். வேகத்துக்குப் பரிசாகக் கூலிவேலை கொடுத்தால் வேகம் செத்துவிடும், அதில் வீரர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மிஞ்சும் நேரத்துக்கு மூன்று நல்ல பயன்கள் உண்டு: அடுத்த திறனுக்கு நகர்வது, இதே திறனில் ஆழம் போவது, மற்றவருக்குத் துணைநிற்பது. மூன்றாவதை நான் மிகவும் விரும்புகிறேன். தேறியவர்கள் மற்றவர்களுக்கு வழித்துணையாக நிற்பது கெல்லர் முறையின் முக்கியமான கூறு. சொல்லிக்கொடுக்கும்போதுதான் தன் அறிவில் உள்ள ஓட்டை தெரியும், அணியில் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கையும் வளரும். ஆனால் தேர்ச்சித் தீர்ப்பை அவரிடம் விடாதீர்கள். அது பயிற்றுநரின் வேலை.

பின்தங்குபவர்களுக்கும் நேரம் வேண்டுமல்லவா? பயிற்சியின் மொத்த நாட்களை உங்களால் மாற்ற முடியாது. எனவே வார அட்டவணையில் இரண்டு மூன்று நெகிழ்வான நேரத்துண்டுகளை முன்கூட்டியே ஒதுக்கி, அவற்றுக்குப் பாடப் பெயர் போடாமல் விடுங்கள். அந்த நேரத்தில் யார் எதைச் செய்வது என்று முந்தைய நாள் மாலை முடிவாகும். அட்டவணையில் வெற்றிடம் தெரிந்தால் அதை நிரப்பப் பல கைகள் நீளும். அந்த நேரத்தைக் காப்பாற்றித் தர அணித்தளபதியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சியைப் பற்றித் தனியாக

இங்கே ஆளுக்கேற்ற முறை இல்லாவிட்டால் விளைவு எலும்பில் தெரியும். ஓடிப் பழகாத புதுவீரரை முதல் வாரமே ஓட்டக்காரர்களோடு ஓடவிட்டால் கால் எலும்பில் அழுத்த முறிவு வரலாம். உயரம் குறைந்தவர் அணியின் நீண்ட நடைக்கு ஈடுகொடுக்க எட்டி எட்டி அடிவைக்கும்போது இடுப்பெலும்பும் பாதிக்கப்படலாம். இப்படிக் காயம்பட்டவர் பல வாரம் பயிற்சியிலிருந்து விலகியிருக்க நேரும், சிலர் திரும்பி வருவதே இல்லை.

தொடக்கத்தில் ஓர் ஓட்டச் சோதனை நடத்தி, நேரத்தின்படி மூன்று நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் வேகத்தில் ஓடட்டும். தொலைவுக்குப் பதிலாக நேரத்தை ஒன்றாக வையுங்கள். இருபது நிமிடம் என்றால் எல்லோருக்கும் இருபது நிமிடம், அதற்குள் யார் எவ்வளவு தூரம் ஓடினாலும் சரி. எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் திரும்புவதால் அணி உணர்வும் குலையாது. இறுதித் தேர்வின் அளவுகோலில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

படி 6: பயிற்றுநர்களைத் தயார்செய்யுங்கள்

மேடையில் நின்று நாற்பது பேருக்குப் பேசிப் பழகியவரை, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "இந்த எண் எப்படி வந்தது, சொல்லுங்கள்" என்று கேட்கச் சொல்கிறோம். இது வேறொரு கலை. விடையைச் சொல்லிவிடும் ஆசையை அடக்க வேண்டும். வீரர் தன் சிந்தனையை வாய்விட்டுச் சொல்லும் வரை பொறுத்திருக்க வேண்டும். பிழை எங்கே பிறந்தது என்று தெரிந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். அணி வருவதற்கு ஒரு வாரம் முன்பே பயிற்றுநர்களை ஒருவருக்கொருவர் வீரராக நடிக்கவைத்துப் பழக்குங்கள்.

ஒரு நேர்மையான கணக்கையும் போடுங்கள். தனிக்கவனம் என்றால் ஆள் வேண்டும். ஒரு பயிற்றுநருக்கு நாற்பது பேர் என்ற நிலையில் இதைத் தொடங்காதீர்கள். கூடுதல் ஆள் கிடைக்காவிட்டால், தேறிய வீரர்களின் துணையோடு பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் மட்டும் செய்து பாருங்கள்.

மென்பொருள் எப்போது வர வேண்டும்?

முதல் சுற்றுக்கு ஒரு சுவர்ப்பலகையும் அட்டவணைத் தாளும் போதும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல இடங்களில் வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் மென்பொருள் வாங்குகிறார்கள், பிறகு அதற்குள் பழைய பாடத்தைத் திணிக்கிறார்கள்.

கணினிவழிப் பயிற்றுநர்கள் நன்றாக வேலை செய்த இடங்களில், அவற்றுக்கு முன்னால் மனித அறிவைத் திரட்டும் நீண்ட உழைப்பு இருந்திருக்கிறது. அமெரிக்க விமானப்படையின் எஃப்-15 போர் விமானத்தின் மின்னணுப் பழுதுகண்டறிதலுக்காக உருவான ஷெர்லாக் என்ற பயிற்சி அமைப்பு நல்ல எடுத்துக்காட்டு. அதில் 20 முதல் 25 மணி நேரம் பழகியவர்கள், கடினமான பழுதுகளைக் கண்டுபிடிப்பதில் சுமார் நான்கு ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு இணையாக நின்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களுக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டார்பா உருவாக்கிய டிஜிட்டல் டியூட்டர் இன்னும் வியப்பானது. அதில் 16 வாரம் பயின்ற புதியவர்கள், சராசரியாக ஒன்பது ஆண்டு அனுபவம் உள்ள கடற்படைப் பணியாளர்களைப் பழுதுதீர்க்கும் சோதனையில் முந்தினார்கள். அந்த அமைப்பைக் கட்டும் முன்பு, தேர்ந்த நிபுணர்கள் வீரர்களுக்குத் தனித்தனியாகப் பாடம் நடத்தினார்கள். எங்கே தடுமாறுகிறார்கள், எந்தக் கேள்வி அவர்களை மீட்கிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் திரட்டப்பட்டது. படி 3இல் நீங்கள் தாளில் எழுதிய பிழைப் பட்டியல் அதே வேலையின் சிறு வடிவம்.

கருவியிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். தனிப்பயிற்சி பெற்ற மாணவர்கள் வழக்கமான வகுப்பை விட இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்களின் சிதறலை அளக்கும் அலகு) மேலே நின்றதாக 1984இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதியது பிரபலமான கூற்று. 2011இல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது மனிதத் தனிப்பயிற்சியின் விளைவு அதே அலகில் 0.79, படிப்படியாக வழிகாட்டும் கணினிப் பயிற்றுநரின் விளைவு 0.76 என்று வந்தது. இரண்டு என்ற கனவு எண்ணுக்கு அது எட்டவில்லை. ஆனாலும் நன்றாகக் கட்டிய கணினிப் பயிற்றுநர் மனிதருக்கு அருகில் வர முடியும் என்பது பெரிய செய்திதான். அமெரிக்க விமானப்படை 2018இல் மெய்நிகர் கருவிகளோடு தொடங்கிய பைலட் டிரெயினிங் நெக்ஸ்ட் என்ற விமானிப் பயிற்சி முயற்சியின் முதல் அணியில் 20 பேர் சேர்ந்தார்கள், 13 பேர் அந்த ஆகஸ்டில் விமானிச் சின்னம் பெற்றார்கள். காலம் குறைந்தது, ஆனால் எல்லோரும் கரையேறவில்லை.

மென்பொருள் தேவைப்படும் கட்டத்துக்கு வந்தபின், அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் உருவாக்கிய கிஃப்ட் என்ற திறமூலச் சட்டகத்தைப் பாருங்கள். ஆளுக்கேற்ற பயிற்றுநர்களைக் கட்டுவதற்கென்றே அமைந்தது அது. எதை வாங்கினாலும், சிமுலேட்டர், தேர்வு, களப்பயிற்சி ஆகிய எல்லாவற்றின் பதிவும் ஒரே வடிவில் சேர வேண்டும் என்று கேளுங்கள். எக்ஸ்ஏபிஐ என்ற தரநிலை அதற்காகவே 2013இல் வந்தது. "யார், என்ன செய்தார், எதை" என்ற எளிய வாக்கிய அமைப்பில் ஒவ்வொரு செயலையும் அது பதிவுசெய்கிறது. இதைக் கேட்காமல் வாங்கினால் ஒவ்வொரு கருவியும் தனித் தீவாக நிற்கும்.

பதிவுகளைக் காப்பது

எந்த அணி எந்தத் திறனில் பலவீனம் என்று காட்டும் கோப்பு எதிரிக்குத் தங்கம். ஓட்டப் பயிற்சிகளைப் பதியும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், படைத்தளங்களின் வடிவமும் வீரர்களின் ஓடுபாதையும் ஒளிர்ந்ததை 2018 ஜனவரியில் உலகமே பார்த்தது. யாரும் வேவு பார்க்கவில்லை, வீரர்கள் தங்கள் உடற்பயிற்சியைப் பதிந்தார்கள், அவ்வளவுதான். பயிற்சிப் பதிவுகளைத் தளத்துக்குள்ளேயே, வெளி இணையம் தொடாத கணினியில் வைத்திருங்கள். சொந்தக் கைபேசிச் செயலிகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்த விடாதீர்கள்.

உள்ளே இருப்பவர்களிடமிருந்தும் பதிவுக்குப் பாதுகாப்பு வேண்டும். பயிற்சிக் காலத்துப் பிழைகள் பதவி உயர்வுக் கோப்பில் சேரக்கூடாது. சேருமென்று தெரிந்தால் எந்த வீரரும் பிழையை வெளிக்காட்ட மாட்டார், பிழை தெரியாமல் இந்த முறையில் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி முதல் நாளே வீரர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

படி 7: வேலை செய்ததா என்று பாருங்கள்

ஒரே முகாமில் வழக்கமான முறையில் பயிலும் இன்னோர் அணியை ஒப்பீட்டுக்கு எடுங்கள். இரண்டு அணிக்கும் அதே தேர்வு, அதே நிலம், அதே மதிப்பீட்டாளர். யார் எந்த அணி என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. தேறியவர்கள் எத்தனை பேர், மொத்தம் எத்தனை பயிற்றுநர்-மணி செலவானது, எத்தனை பேர் காயமுற்றார்கள் ஆகியவற்றைக் குறியுங்கள்.

பிறகு ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி, அதே தேர்வை மீண்டும் வையுங்கள். கற்றது முதல் சில நாட்களிலேயே வேகமாகக் கரைகிறது என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே அளந்து காட்டினார். இதயம் நின்றவருக்குச் செய்யும் மார்பு அழுத்த முதலுதவி போன்ற செய்முறைத் திறன்கள் சில மாதங்களிலேயே மங்குகின்றன. ஒருவர் விரைவில் தேறினார் என்பதால் அது அவரிடம் நிலைத்து நிற்கும் என்று எண்ணிவிட முடியாது. வேகமாக முடித்த சிலர் வேகமாக மறப்பதை இந்த இரண்டாம் தேர்வில் பார்ப்பீர்கள்.

அந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் மறுபயிற்சித் தேதி குறியுங்கள். மாத இறுதியிலும் தரத்தில் நின்றவருக்கு மூன்று மாதம் கழித்து ஒரு சிறு சோதனை போதும். சரிந்தவருக்கு இரண்டு வாரத்தில் ஒன்று, அதில் தேறினால் ஆறு வாரத்தில் இன்னொன்று. வீரர் வேறு படைப்பிரிவுக்கு மாற்றலாகும்போது, பிழைப் பதிவுகளை உங்களிடமே நிறுத்திக்கொண்டு, இந்தத் தேதிகள் எழுதிய ஒற்றைத் தாளை மட்டும் அவரோடு புதிய பிரிவுக்கு அனுப்பிவையுங்கள்.